எதிர்மலையில் மஞ்சப்பை

ஏழே கால் ஆச்சு, இன்னும் ஒருத்தியும் வரல. வருவா. வராம எங்க போவா. வரலன்னா? வரலன்னா பத்து மணிக்கு வேன் வரும், பெட்டி படுக்கைய ஏத்திக்கிட்டு அடுத்த கிராமத்துக்குப் போவோம், எங்க காலேஜு வத்சலா மேடம் லேப்டாப்பத் தெறந்து ‘இவ்விடத்தில் தேவை எதுவும் கண்டறியப்படவில்லை’ன்னு ஒத்த வரி அடிச்சு முடிச்சிருவாங்க, அம்புட்டுத்தான் கிவாலே கதை. இந்த பெஞ்சு என்ன இப்பிடிக் குளுருது. ஆப்பிரிக்கான்னா வெயில் மண்டையப் பொளக்கும்னு எங்க அம்மா ரெண்டு குடைய வச்சு அனுப்புனா, இங்க தான்சானியாவுல இந்த மலைக்கு வந்து பாத்தா கொடைக்கானல் தோத்துப்போவும். கிவாலே ஆஸ்பத்திரின்னா ஆஸ்பத்திரி இல்ல, ரெண்டு ரூமு, தகரக் கூரை, முன்னால ஒரு வராண்டா, வராண்டாவுல இந்த பெஞ்சு, பெஞ்சுல நான். இசக்கியம்மாள், மூணாம் வருசம், பயோமெடிக்கல், ஊரு வள்ளியூர்ப் பக்கம். எனக்கு நேர் எதிர்ல பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு மலை, மலை முழுக்க படிப்படியா முட்டைக்கோசு, கேரட்டு, நடுவுல செம்மண் ஒத்தையடிப் பாதை. அங்க ஒரு ஆளு நடந்தா இங்கருந்து பாக்கலாம். அதான் வெனையே. ஏழு மணியிலருந்து அந்தப் பாதையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு வேண்டியது ஒரே ஒருத்தி. ஜைனா. அவ காலு. செருப்பு வாரு அழுந்தி, எடுத்த பொறவும் பள்ளம் பள்ளமா நின்ன அந்தக் காலு. கடவுளே, இன்னைக்கி ஆறாவது நாளு, அந்த வீக்கம் இப்ப எங்க ஏறி நிக்கோ. ஏழு பதினெட்டு.

எல்லாம் நான் இழுத்து விட்டது. வேற யாரையும் சொல்ல முடியாது, இந்த மண்டையில உதிச்ச யோசனைதான். வெளிநாட்டுக்குப் போறோம், கர்ப்பிணிப் பொம்பளைகளுக்கு என்ன தேவைன்னு கேட்டுத் தெரிஞ்சிக்கிடப் போறோம், வெறுங்கையோடயா போறதுன்னு நான்தான் கேட்டேன். நம்ம ஊர்ல கல்யாண வீட்டுக்கு வந்தவங்கள வெறுங்கையோடயா அனுப்புதோம், ஆளுக்கொரு மஞ்சப்பை குடுக்கோம்லா, அது மாதிரி குடுப்போம்னேன். மேடத்துக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. சிவகாசியில குடுத்து இருநூறு பை அடிச்சோம், நல்ல அசல் மஞ்ச, கண்ணப் பறிக்கும். அதோட விட்டேனா? மேல ஒரு வயித்துப் பிள்ளைக்காரி படம், செவப்புல, வயிறு ரவுண்டா, அடியில அவங்க பாஷையில ‘தாயும் சேயும் நலம்’. படம் வரைஞ்சதும் நான்தான். வெளங்காத படம். மொத நாள் முப்பத்தோரு பேரு வந்தாங்க. இந்த வராண்டாவுல வரிசையா உக்கார வச்சோம், எங்க கிளாசு நிரஞ்சன் அவங்க பாஷையில அடிச்ச பேப்பர வச்சுக்கிட்டு நாப்பத்தி ரெண்டு கேள்வி, மொதக் கேள்வியே ‘எத்தனாவது மாசம்?’, அதையும் அவன் குரல்ல. அவனுக்கு ரகசியம் சொன்னாலே பக்கத்துத் தெரு வரைக்கும் கேக்கும். பதில் சொன்னவளுக்கெல்லாம் நான் பல்ல இளிச்சுக்கிட்டு ஒரு மஞ்சப்பை. சாயங்காலம் அந்தா அந்தப் பாதையில மஞ்ச மஞ்சயா ஏறிப் போகுதுக, கூட வந்த ஃபர்ஹானா போட்டோ எடுத்தா, “எம்புட்டு அழகா இருக்கு பாருட்டி”ன்னு நானே சொன்னேன். ரெண்டாம் நாள் ஒம்பது பேரு. மூணாம் நாள் ரெண்டு. நாலாம் நாள் வராண்டாவுல ஒரு கோழி நின்னுச்சு. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேம்பாங்க, நான் வயித்துக்குள்ள இருக்க பிள்ளைக்கு மணியக் கெட்டி மலை முழுக்க அடிச்சு விட்டிருக்கேன். நிரஞ்சன் சொல்லுதான், “இவங்களுக்கு ஆர்வம் இல்ல இசக்கி, டேட்டா அதான் சொல்லுது.” டேட்டாவ அள்ளிக் கொண்டு போயி அடுப்புல வையி. எனக்கும் அன்னைக்கி ஒண்ணும் புரியலங்கிறது வேற விசயம்.

ஜைனா மொத நாளே வந்தா. முப்பத்திரெண்டாவது ஆளு, எங்க கணக்குல சேராதவ. வரிசைக்குக் கடைசியில, தூணுக்குப் பின்னால, பூப்போட்ட ரெண்டு துணியச் சுத்தி மேல ஒரு ஆம்பளக் கோட்டு வேற. என் வயசுதான் இருக்கும், இல்லன்னா ஒண்ணு ரெண்டு கூட. அவ முறை வந்துது, நிரஞ்சன் வாயத் தெறந்தான், எத்தனாவது மாசம்னான், அவ அவனப் பாத்தா, பெஞ்சுல இருந்தவங்களப் பாத்தா, என் கையில விரிச்சுப் புடிச்சிருக்க பையப் பாத்தா. அந்தப் படத்தப் பாத்தா. தலைவலின்னு மட்டும் சைகை காட்டுனா. நெத்தியக் கையால அமுக்கிக்கிட்டு, கண்ணு கூசுதுன்னு காட்டுனா. ஃபர்ஹானா பிரஷர் மிசின எடுக்க உள்ள போயிருக்கா, அதுக்குள்ள இவ எந்திச்சுட்டா. கழட்டி விட்ட செருப்ப மாட்டுதா, மாட்ட முடியல, காலு உள்ள போவல. அப்பத்தான் பாத்தேன். நான் கூப்பிடுதேன், அவ திரும்பிப் பாக்காமப் போறா, செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் போறா. பையும் வாங்கல. இங்க இருக்க நர்சு ரெஹேமா சிஸ்டர், பத்து வருசமா இந்த மலைக்கே அவ ஒருத்திதான், இங்கிலீசும் பேசுவா, அன்னைக்கி ஊசி போடுததுக்குப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தா. வந்ததும் சொன்னேன், அது ஜைனான்னு அவதான் சொன்னா. மூஞ்சி மாறிப் போச்சு. மறுநாள் அவளே ஏறிப் போனா. மாமியாக்காரி வாசல மறிச்சுக்கிட்டு நின்னு, இந்த வீட்ல யாரும் முழுகாம இல்ல, நீ தப்பான வீட்டுக்கு வந்திருக்கன்னுட்டாளாம். ஜைனாவுக்கு இதுக்கு முன்ன ரெண்டு தங்கல. ரெண்டும் ஊருக்குத் தெரிஞ்ச பொறவு போனது. அப்ப மிசினத் தூக்கிக்கிட்டு நாம போவோம் சிஸ்டர்னேன். ரெஹேமா என்னைய ஒரு பார்வ பாத்தா. “நீங்க நாலு வெளிநாட்டு ஆளுக மிசினோட அந்த வீட்டுக்கு ஏறுனா மலையே பாக்கும். அவ கதவ எனக்கும் சேத்துச் சாத்திருவா. நீங்க அடுத்த வாரம் விமானம் ஏறிருவீங்க, நான் இங்கதான் இருக்கணும்”னா. அவகிட்ட ஒரு மிசின் இருந்துது, அதுல கையில சுத்துத பட்டி கிழிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. எங்க மிசின் எங்களோட போச்சுன்னா அவ கையத் தொட்டுப் பாத்துத்தான் சொல்லணும். மூஞ்சியில அடிச்ச மாதிரி இருந்துது, ஆனா அவ சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல.

ஏழே முக்கால். கோழி வந்துட்டு. போ, உனக்கு பிரஷர் பாக்க முடியாது. மதினிக்கும் இதே காலுதான். எங்க அண்ணன் பொண்டாட்டி, சண்முகத்தாயி. எனக்குக் கண்ணுல மை போட்டு, சடை பின்னி, காலேஜுக்குப் பெட்டி அடுக்கி, எங்க அம்மா திட்டும்போதெல்லாம் குறுக்க விழுந்து காப்பாத்துன மதினி. அஞ்சு மாசம் வரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடல. புளிப்பு தின்னா தெரிஞ்சிரும்னு மாங்காயத் தொடல, வாந்தி வந்தா மோட்டாரப் போட்டு விட்டுட்டு அந்தச் சத்தத்துல எடுப்பா. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பா. பொறவு காலு வீங்குச்சு, தலைவலின்னா, வயித்துப் பிள்ளைக்காரின்னா நீர் கோக்கத்தான் செய்யும்னு எங்க அம்மா சொன்னா, நானும் ஆமா ஆமான்னு மண்டைய ஆட்டுனேன், பிளஸ் டூவுல பயாலஜி படிச்ச கழுத. ஒரு மத்தியானம், அண்ணனுக்குச் சோறு வச்சுக்கிட்டு நிக்கா, கரண்டி கீழ விழுந்துது, எடுக்கக் குனியுதான்னு நெனச்சேன். குனியல. ஜன்னி. அந்தக் கண்ணு மேல சொருகுனது. சாம்பார் தரையெல்லாம். கார் புடிச்சு நாகர்கோவிலுக்குக் கொண்டு போயி மதினிய மட்டும் திருப்பித் தந்தாங்க. மூணு வருசம் ஆச்சு. நான் பயோமெடிக்கல் எடுத்ததுக்கு இதுதான் காரணம்னு இண்டர்வியூவுல சொல்லல, சொன்னா அழுதுருவேன்னு, எலக்ட்ரானிக்ஸ்ல ஆர்வம்னு சொன்னேன், பொய்க்காரி. நாலாம் நாள், கோழி மட்டும் நின்ன அன்னைக்கி, மதினிக்குப் போன் போட்டு, ஜைனா காலப் பத்தியும் சொல்லிப் புலம்புனேன். யாரும் வரமாட்டேங்கா மதினி, பை கூடச் சும்மா குடுக்கோம்னேன். என்ன பைட்டின்னா. படத்த அனுப்புனேன். பாத்தா. பொறவு ஒரே சிரிப்பு, சிரிச்சு முடிச்சு, “ஏட்டி கோட்டிக்காரி, இதத் தூக்கிக்கிட்டு நான் நம்ம தெருவுல நடப்பேனாட்டி? நீ நடப்பியா? கண்ணுபடாதா?” அவ்ளோதான் சொன்னா. எனக்கு உச்சி மண்டையில சுரீர்னுச்சு. அஞ்சு மாசம் மோட்டார் சத்தத்துல வாந்தி எடுத்தவ கூட ஒரே வீட்டுல இருந்துட்டு, ஏழு கடல் தாண்டி வந்து, இங்க ஒருத்தி வயித்துல போஸ்டர் ஒட்டிட்டேனே. சீ.

அப்ப பைய நிறுத்திருவோம்னு சொல்லலாம். மேடமும் அதைத்தான் சொன்னாங்க. நிறுத்துனா என்ன ஆவும்? ஏற்கெனவே நாப்பத்திரெண்டு பேரு வீட்டுல அது தொங்குது. வெளிய எடுத்தா ஊருக்குத் தெரியும், எடுக்கலன்னாலும் எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு தேடுவாளுக. நான் ராத்திரி பூரா இதையே போட்டு உருட்டுனேன், மஞ்ச மஞ்சன்னு. காலையில பல்லு தேய்க்கும்போது பட்டுனு பொறி தட்டுச்சு, நுரையோட சிரிச்சேன், ஃபர்ஹானா பயந்து போனா. நாப்பத்திரெண்டு பேருகிட்ட இருந்தாத்தான அது வயிறு? ஊரு முழுக்க இருந்தா அது வெறும் பை. நேத்து சந்தை நாளு. யார்கிட்டயும் கேக்கல. கேட்டா விடமாட்டாங்க. மிச்சம் நூத்தி அம்பத்தெட்டு பையையும் ரெண்டு சாக்குல கெட்டி, ரெஹேமா கிட்ட மட்டும் சொன்னேன், அவ ஒரு அட்டையில பெருசா எழுதித் தந்தா, ‘நாளைக்கு எல்லாருக்கும் பிரஷர் பாக்கோம். ஆம்பள, பொம்பள, கெழவன், கெழவி, யாருன்னாலும்.’ முட்டைக்கோசு குவியலுக்குப் பக்கத்துல நின்னேன் பாருங்க, தேர்த் திருவிழாவுல மோர்ப் பந்தல் போட்டவ மாதிரி. பெரியவங்களப் பாத்தா ‘ஷிக்கமோ’ன்னு கும்புடணும், அவங்க ‘மரஹபா’ன்னு ஏத்துக்கிடுவாங்க, பொறவு வீடு எப்பிடி, காடு எப்பிடி, நல்லா தூங்குனியான்னு அஞ்சு நிமிசம், அப்பந்தான் காரியம். நமக்கென்ன, எங்க ஊர்லயும் ‘சாப்ட்டாச்சா’ இல்லாம யாரு பேசுதா. ஷிக்கமோ, பை. ஷிக்கமோ, பை. ஆட்டுக்கறி வெட்டுதவரு, பள்ளிக்கூடப் பிள்ளைக, மசூதிக்குப் போற பெரியவரு, பைக் டாக்சிக்காரன், எல்லாவனுக்கும் வயித்துப் பிள்ளைக்காரி படம் போட்ட பை. ஒரு பொக்கை வாய் அம்மா ஒண்ணு வாங்கிட்டு மறுபடி கைய நீட்டுனா. ரெண்டாவான்னு சைகையில கேட்டேன். வெடுக்குனு ரெண்டாவதையும் உருவிக்கிட்டு மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டா. சாக்கு காலியானப்ப பின்னால நிரஞ்சன் நிக்கான். மூஞ்சி பேயடிச்ச மாதிரி. “கறிக்கடைக்காரன் கர்ப்பிணியா? எல்லா சாம்பிளும் கெட்டுப் போச்சு, நாப்பத்திரெண்டு பேர வச்சு என்ன ரிப்போர்ட் எழுத, உன் இஷ்டத்துக்கு ஆடுததுக்கு இது உங்க அப்பன் வீட்டுக் கோயில் கொடையா?” “எங்க அப்பாவ இழுக்காத”ன்னேன். இழுத்தான். நானும் அவங்க வீட்டு நாய் வரைக்கும் இழுத்தேன். மேடம் கத்தல, அதான் பயம். கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே, “நாளைக்குக் காலையில பத்து மணி வரைக்கும் பாப்போம் இசக்கியம்மாள். வரலன்னா கெளம்பிருவோம். நடந்தத நடந்தபடி காலேஜுக்கு எழுதுவேன், உன் பேரோட.” எழுதட்டும். பேரு போனா போவுது, பேருதான.

எட்டரை. என்னமோ மஞ்சயாத் தெரியுது. எந்திச்சேன். தண்ணிக் கேனு, தூக்கிட்டுப் போறவன் திரும்பி ஓடைப் பக்கம் எறங்கிட்டான். உக்காந்தேன். எட்டே முக்கால், மறுபடி மஞ்ச, எந்திச்சேன், காஞ்ச வாழை எலை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க. நிரஞ்சன் உள்ள பெட்டியக் கெட்டுதான், டேப்பு இழுக்க சத்தம் சர்ரு சர்ருன்னு, வேணும்னே சத்தமா இழுக்கான். ஃபர்ஹானா டீ கொண்டாந்தா, இஞ்சி மணமா இருக்கு, அப்பிடியே பெஞ்சுல வச்சுட்டேன். ஜைனா இப்ப என்ன செய்வா. கண்ணு கூசுதுன்னாளே, இந்த வெயிலு சாஞ்சு அடிக்கே, கதவச் சாத்திக்கிட்டுப் படுத்திருப்பாளோ. அடுப்புக்கு முன்னால நிக்காளோ. கரண்டி. வேண்டாம், கரண்டிய நெனைக்காத. எங்க ஊரு அம்மன் பேரத்தான எனக்கு வச்சிருக்கு, கையில பிள்ளையோட நிப்பாளே, அவளுக்குக் கடல் தாண்டி காது கேக்குமா? கேக்கும், ஏன் கேக்காது, வாட்சப்பே கேக்கு. தாயே, அந்தப் பிள்ள இங்க வந்து சேரட்டும், இந்த வருசக் கோயில் கொடைக்கு நான் வந்து பொங்க வைக்கேன், செருப்புப் போடாம வாரேன். நேத்து யாராச்சும் அவ வீட்டுக்குப் பை கொண்டு போனாங்களா இல்லியா? போயிருந்தாலும் அதுக்குள்ள உருளக்கெழங்கப் போட்டு மூலையில வச்சிருந்தா? எல்லாரும் சும்மா கெடைச்சுதுன்னு வாங்கிட்டுப் போயி ஒருத்தரும் எட்டிப் பாக்கலன்னா? நிரஞ்சன் சொன்னது சரின்னா? ஒருவேள நான் வாயாடின்னு மட்டும் இல்லாம முட்டாளும்தானா? ஒம்பது அஞ்சு. ஒம்பது எட்டு. ரெஹேமா வெளிய வந்து பக்கத்துல உக்காந்தா, என் டீய எடுத்துக் குடிச்சுட்டா.

ஒம்பது பதினொண்ணு. எதிர்மலையில, மேல, கல்லு தாண்டி, மஞ்ச. எந்திக்கல, இனிமே ஏமாற மாட்டேன். ரெண்டு மஞ்ச. வாழை எலை ரெண்டு நடக்குமா? நாலு. ரெஹேமா என் தொடையில பட்டுனு ஒரு அடி போட்டா. ஆறு, ஏழு, வளைவுல இன்னும் வருது, பொம்பளைகளா ஆம்பளைகளா ஒண்ணும் தெரியல, பைதான் தெரியுது, அந்தப் பைய வச்சு ஒருத்தரப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியல, அதான் வேணும், அதான் வேணும்! நான் கத்திட்டேன்னு நெனைக்கேன். நிரஞ்சன் டேப்போட வெளிய ஓடியாந்தான். மொத ஆளு பைக் டாக்சிக்காரன், பையில கேரட்டு, சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டு வந்து உக்காந்தான், வீரன். பின்னால கறிக்கடைக்காரரு. பின்னால நாலு பொம்பளைக, அதுல மூணு பேரு புது மூஞ்சி, பைய வயித்துக்கு முன்னால அணைச்சுப் புடிச்சிருக்காளுக, பைக்குள்ள முட்டைக்கோசு, எது முட்டைக்கோசு எது பிள்ளைன்னு யாரு கண்டா. ரெஹேமா உள் ரூமுக்குத் திரையப் போட்டா, ஒவ்வொரு ஆளா உள்ள, ஆம்பளையும் உள்ள, பொம்பளையும் உள்ள, கேள்வி உள்ள வச்சுத்தான், மெதுவா. நிரஞ்சன வாயத் தெறக்காத, பேப்பர மட்டும் புடின்னேன். புடிச்சான். கால் மணி நேரத்துல வராண்டா நெறஞ்சு படியில உக்காருதாங்க. அப்ப பொக்கை வாய் அம்மா வந்தா, நேத்து ரெண்டு பை உருவுனவ. ஒண்ணு அவ தோள்ல. இன்னொண்ணு பின்னால வாரவ தோள்ல. பின்னால வாரவ ஆம்பளக் கோட்டு போட்டிருக்கா. காலுல செருப்பில்ல. அப்ப இந்தப் பொக்கை வாய்தான் அந்த மாமியாக்காரி! வராண்டா நடுவுல நின்னுக்கிட்டு ஊருக்கே கேக்க ஒரு பேச்சு, ரெஹேமா எனக்குச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு அடக்க முடியல, “எனக்குத்தான் பிரஷரு. மருமக எனக்குத் தொணைக்கு வந்திருக்கா, பை தூக்க.” ஆமாம்மா ஆமா, நீங்களே ராசாத்தி, ஷிக்கமோ, உள்ள வாங்க. திரைக்குள்ள போனதும் அந்த அம்மா எம் பக்கத்துல கெடந்த ஸ்டூலத் தள்ளி ஜைனாவ உக்கார வச்சா, அவ கைய அவளே புடிச்சு நீட்டுனா. புடிச்ச கைய விடல. பட்டியச் சுத்துனேன். காத்து ஏறுது. எறங்குது. நூத்தி எழுபதுக்கு நூத்திப் பத்து. திரும்ப வச்சேன், கண்ணத் தொடச்சுட்டு. நூத்தி எழுபத்திரெண்டு. “வலிப்பு வந்துச்சா?” ரெஹேமா கேட்டா. வரல. இன்னும் வரல. நேரத்துக்கு வந்துட்டா, நேரத்துக்கு வந்துட்டா! ரெஹேமா வலிப்பு வராமத் தடுக்க ஊசிய ஒடச்சா, பிள்ளைக்கு நெஞ்சுத்துடிப்பு பாக்கத் தலையக் குனிஞ்சவ ஒரு விரலத் தூக்கி எனக்கு ஆட்டிக் காட்டுனா, டக்கு டக்கு டக்கு. ஜைனா என்னையப் பாத்தா. அன்னைக்கி பையப் பாத்த அதே கண்ணு. நான் ஒண்ணும் கேக்கல, எத்தன மாசம்னு கேக்கவே இல்ல, அவளே ஏழு விரலக் காட்டுனா.

பத்து மணிக்கு வேன் வந்துது. பத்து அஞ்சுக்குக் கெளம்பிட்டு, நாங்க மூணு பேரும் அதுல இல்ல. நிரஞ்சன்தான் எங்க பெட்டியையெல்லாம் இழுத்துக் கீழ போட்டான், டேப்பு ஒட்டுன பெட்டி, ஒண்ணு வாய் பொளந்து இட்லிப்பொடி சிந்துச்சு, அவன் கண்டுக்கவே இல்ல. பின் சீட்ட மடிச்சு ஜைனாவப் படுக்க வச்சோம், ரெஹேமா ஏறுனா, மாமியாக்காரி ஏறுனா, மாவட்ட ஆஸ்பத்திரி அம்பது நிமிசம், மேடமே முன்னால ஏறி டிரைவர் கிட்ட “சீக்கிரம், ஆனா குலுங்காம”ன்னு தமிழ்ல சொன்னாங்க. அப்பிடியே என்னையப் பாத்து, “உன் பேர எழுதத்தான் போறேன் இசக்கி”ன்னாங்க. இசக்கி! இந்த மூணு வருசத்துல மொதத் தடவ. வேன் வளைவுல போறப்ப ஜன்னல்ல மஞ்சப்பை தொங்கிக்கிட்டே போச்சு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு தாயே, பொங்கலு உனக்கு உண்டு. வராண்டாவுல இன்னும் அறுவது பேரு. நிரஞ்சன் பேப்பருக்குப் பின்னால நாப்பத்தி மூணாவதா ஒரு கேள்வி எழுதுதான், எட்டிப் பாத்தேன், ‘யாருக்கும் தெரியாம வந்து போக வழி வேணுமா?’ “இதுதான் தேவை, இல்லியா?”ன்னு மெதுவாக் கேட்டான், நெசமாவே மெதுவா. “இப்பதான் உனக்கு மண்டையில மூளை மொளைக்கி”ன்னேன். அவன் சிரிச்சான். ஊர்ல மணி பன்னெண்டர இருக்கும்னு கணக்குப் போட்டு மதினிக்குப் போன் போட்டேன். “வந்துட்டாளாட்டி?”ன்னா எடுத்ததும். வந்துட்டா மதினி, ஜன்னி வரல, நேரத்துக்கு வந்துட்டான்னேன். அழுதாளா என்னன்னு தெரியல, மோட்டார் சத்தம் கேட்டுச்சு. மத்தியானம் எதுக்கு மோட்டார் போட்டிருக்கா? பொறவு, “ஏ இசக்கி, எனக்கு ஒரு பை மிச்சம் வச்சிருக்கியா?”ன்னா. எதுக்கு மதினி, காய்கறி வாங்கவான்னேன். “காய்கறி வாங்கத்தான்.” மோட்டாரு! எனக்கு இப்பத்தான் வெளங்குச்சு. “உங்க அண்ணனுக்கு மட்டுந்தான் தெரியும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன், பிரஷரு பாக்க. வாயத் தெறந்த, கொன்னுருவேன்”னா. தெறக்க மாட்டேன் மதினி, சத்தியமா தெறக்க மாட்டேன், என் வாயப் பத்தி உனக்குத் தெரியும், ஆனா தெறக்க மாட்டேன். போன வச்சுட்டு சாக்கத் தலைகீழாக் கொட்டுனேன், ஒண்ணும் இல்ல, இருநூறும் போயிட்டு. வரிசையில மொத ஆளா அந்த மசூதித் தாத்தா உக்காந்திருந்தாரு, மடியில மஞ்சப்பை. ஷிக்கமோ தாத்தான்னு முன்னால மண்டி போட்டு, மூக்கு ஒழுகிக்கிட்டு, பையக் காட்டி, என் நெஞ்சத் தொட்டு, எனக்கு ஒண்ணு வேணும்னு சைகையில கேட்டேன். மரஹபான்னாரு. பைக்குள்ள இருந்து மூணு உருளக்கெழங்க ஒண்ணொண்ணா எடுத்துக் கோட்டுப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு, பைய உதறி, நாலா மடிச்சு, என் கையில வச்சாரு. யாருக்குன்னு கேக்கல.